மாமரத்தில் காய்த்த தோணி

போன கிழமை மத்தியானம், கறியை அடுப்பில் வைத்துவிட்டுக் கதிரையில் கொஞ்சம் சாய்ந்திருந்தேன். மெல்பேர்னிலிருந்து மகள் போன் எடுத்தாள். அவள் எடுத்தால் வழக்கமாக முதலில் மழையா வெயிலா என்று கேட்பாள். பிறகு என் முழங்காலை விசாரித்து, மருந்து போடாததற்கு ஏசுவாள். அன்றைக்கு அதெல்லாம் இல்லை. எடுத்த எடுப்பில், "அம்மா, ஃபிளிப்பண்ட் எண்டா என்ன?" என்றாள்.

அவளுக்குத் தெரியாத சொல் இல்லை அது. பதினாறு வருஷமாக அந்த நாட்டில் இருப்பவள், இங்கிலீஷ் டீச்சரின் மகள் வேறு. காலில் அடிபட்ட பிள்ளை இரத்தத்தைக் காட்டி "இது காயமா?" என்று கேட்குமே, அப்படிக் கேட்டாள். விஷயத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவள் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். அங்கே ஒரு கிழவர் செத்துப்போனார். தேத்தண்ணீர் சூடாக இல்லையென்று தினமும் சண்டை பிடிக்கிற மனிதராம், கடைசி இரண்டு வருஷமும் அவருக்குச் சாப்பாடு தீத்தியதும் குளிப்பாட்டியதும் இவள்தான். அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு இருக்க, இவள் மெல்ல, "போன இடத்திலயும் தேத்தண்ணி ஆறிப்போச்செண்டு இப்ப கத்திக்கொண்டிருப்பார்" என்று சொல்லியிருக்கிறாள். ஒருவரும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்த பிறகு மேலதிகாரிப் பெண் தனியே கூப்பிட்டு, நீ இப்படி ஃபிளிப்பண்டாக இருப்பது மற்றவர்களை நோகடிக்கிறது என்றாளாம். கோபமாகக்கூட இல்லை, தன்மையாகத்தான் சொன்னாளாம்.

"நான் அப்பிடியாம்மா?" என்று கேட்டாள். அடுப்பில் கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். கறி தப்பியது, ஆனால் அந்தச் சொல் தலைக்குள் நின்றுவிட்டது. அந்தச் சொல்லுக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு.

அலுமாரியின் மேல் தட்டிலிருந்து அகராதியை இறக்கினேன். போனில் தட்டினால் வந்துவிடும், தெரியும். ஆனாலும் சொல் என்றால் எனக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும், அந்தக் கெட்ட பழக்கம் இன்னும் போகவில்லை. என் அகராதியை நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு வீங்கியிருக்கும். கடல் ஊருக்குள் வந்த அன்று அதுவும் தண்ணீரில் கிடந்தது. எடுத்து, கூரைத் தகரத்தில் வைத்து, நாள் கணக்காகப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் புரட்டிக் காயவிட்டேன். தாளெல்லாம் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. திறந்தால் இன்றைக்கும் சேறும் உப்பும் கலந்த ஒரு மணம். இத்தனை வருஷமாகியும் போகாத மணம் இனிப் போகாது என்று விட்டுவிட்டேன்.

அகராதி பொருளை மட்டும் சொன்னது: கனமாக எடுக்க வேண்டிய விஷயத்தில் மரியாதையில்லாத விளையாட்டுத்தனம். அந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது என்பதற்குப் போனைத்தான் நாட வேண்டியிருந்தது. ஒரு நாணயத்தைச் சுண்டிவிடுகிறோமே, அந்தச் சுண்டுதலைச் சொல்கிற சின்ன வினைச்சொல்லிலிருந்து வந்திருக்கலாமாம். உறுதியில்லை என்றும் போட்டிருக்கிறார்கள். எனக்குப் புதிதாக இருந்தது வேறு விஷயம். நானூறு வருஷத்துக்கு முன் அது நல்ல சொல்லாக இருந்திருக்கிறது. வளைந்து கொடுக்கிற, துருதுருவென்ற, நாக்கு தடக்காமல் ஓடுகிற ஆளை அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு கொஞ்சக் காலத்துக்குள் அதே சொல் வசையாகிவிட்டது. ஏன் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ஓடுகிற நாக்கு யாரோ பெரிய மனிதருக்கு நொந்திருக்கும், அவ்வளவுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வகுப்பில் இந்த மாதிரிச் சொற்களைப் படிப்பிக்க எனக்கு ஆசையாக இருக்கும். கனமில்லாமல் பேசுவதற்கு இங்கிலீஷ்காரரிடம் எத்தனை சொற்கள். ஒன்று, எடையில்லாதது என்ற பொருளிலிருந்து வந்தது. இன்னொன்று உதிர்ந்து நொறுங்குகிறதைச் சொல்கிற பழைய சொல்லிலிருந்து. எல்லாம் ஒரே குற்றச்சாட்டுத்தான்: பாரம் போதாது. எங்களுக்கு இதற்கெல்லாம் சேர்த்து ஒரே சொல், பகிடி. அதில் குற்றச்சாட்டும் இல்லை. பகிடி தெரியாத ஆளைத்தான் ஊரில் குறையாகச் சொல்வார்கள்.

யோகன் மச்சானுக்குப் பகிடி நன்றாகத் தெரியும். என் அம்மாவின் தம்பி மகன், எனக்கு இரண்டு மாதம் மூப்பு. இங்கே அவன் இவன் என்று எழுதுகிறேன். அம்மா உயிரோடு இருந்தால் மச்சானை அப்படிச் சொல்லலாமா என்று அதட்டியிருப்பா. எங்கள் ஊர் பெரியகல்லாற்றுக்குக் கொஞ்சம் அங்கால். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு துண்டு மணல். வாவி என்று புத்தகத்தில்தான் எழுதுவோம், எங்களுக்கு அது ஆறு. அவன் ஆற்றில் தோணி விட்டான், வலை வீசினான். நான் படித்து டீச்சரானேன். அதனால் எங்களுக்குள் ஒன்றும் மாறவில்லை. மச்சானும் மச்சாளும் கண்டால் ஒருவரையொருவர் சீண்ட வேண்டும், அது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். சீண்டாமல் போனால் கோபமா என்று கேட்பார்கள். அண்ணனோடு அளந்து பேசலாம், மாமாவுக்கு முன்னால் வாயை மூடலாம். மச்சானிடம் நேராகப் பேசினால் அது முறையில்லை.

என் கலியாணத்தன்று அவன் செய்ததை இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கிற நேரம் படலைக்கு வெளியே ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தால் யோகன், தலையில் பாயும் தலையணையும், கையில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. "மாப்பிள்ளை வந்திருக்கன், எந்த அறை எனக்கு?" என்று நிற்கிறான். என் வீட்டுக்காரர் வெளியூர் மனிதர், முகம் வெளிறிப்போனார். யோகன் அவரிடம் போய்ப் பணிவாக, "உரிமைக்காரன் நான்தான். நீங்க இரிங்க, விருந்தாளிதானே" என்றான். மாமி, அவனுடைய அம்மா, அகப்பையோடு துரத்திக்கொண்டு வந்தா. அவவும் சிரித்துக்கொண்டுதான் துரத்தினா.

பகிடி கலியாண வீட்டோடு முடிகிற விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா செத்தபோது நான் மூன்று நாள் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லை. அம்மா கெஞ்சினா, அக்காமார் ஏசினார்கள். யோகன் ஒரு கோப்பையில் சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினான். "தின்னுகா. இப்பிடியே கிடந்தா மெலிஞ்சி வடிவாப் போயிடுவாய். மறுகா நான்தான் உன்னக் கட்டவேண்டி வரும்" என்றான். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாய்க்குள் ஒரு பிடி சோற்றை வைத்துவிட்டான். துக்க வீட்டில் வைத்து அப்படிப் பேசினான் என்று ஒருவரும் அவனைக் குறை சொல்லவில்லை.

கடல் வந்த கதையை நான் இங்கே சொல்லப் போவதில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும். மிஞ்சினவர்கள் ஆற்றைக் கடந்து படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். வகுப்பறையெல்லாம் வீடாகிவிட்டதால் டீச்சருக்கு வேலை இல்லை. வெளிநாட்டு உதவிக்காரர் வந்து, இங்கிலீஷ் தெரிந்தவர் யார் என்று கேட்டபோது ஊரே என்னைக் கை காட்டியது. இந்தப் பிள்ளைக்கு எல்லோரையும் தெரியும், யாரும் பொய் சொல்ல ஏலாது என்று கிராமத்துப் பெரியவர்கள் சிபாரிசு வேறு. அதுதான் பிழை என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? எல்லோரையும் தெரிந்தவள் என்றால் பாதிப் பேருக்கு மச்சாள் என்றும் அர்த்தம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கிணற்றிலெல்லாம் குளோரின் போட்டிருந்தார்கள். இப்போதும் யாராவது கிணறு இறைத்து அதைப் போட்டால் எனக்கு அந்த வாகை மரத்தடி ஞாபகம் வரும். மரத்தடியில் ஒரு மேசை, அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, பக்கத்தில் நான், முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரை. தோணி இழந்தவர்களுக்குப் புதுத் தோணி. அது யாருக்கு என்று தீர்மானிப்பது அந்தப் பிள்ளை. நல்ல பிள்ளை, அதையும் சொல்ல வேண்டும். வெயிலில் மூக்கின் தோல் உரிந்து, காலெல்லாம் நுளம்புக் கடி. எங்களோடு அதே சோற்றைத் தின்றாள். தோணியைக் கண்ணாலும் காணாதவர்கள் சிலர் தூர இடங்களிலிருந்து வந்து தங்களுக்கும் தோணி போனது என்று எழுதிக்கொண்டிருந்ததால் அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. உண்மையாக இழந்தவனை எப்படிக் கண்டுபிடிப்பது? காலையிலிருந்து பின்னேரம் வரை அழுகிற முகங்களைப் பார்த்துப் பார்த்து, அழுகைதான் அத்தாட்சி என்று அவளுக்குப் பழகிப்போயிற்று.

யோகனுக்கு அந்தத் தோணி இல்லாமல் முடியாது. மனைவியும் பிள்ளைகளும் கடல் வந்த அன்று உன்னிச்சையில் அவள் அக்கா வீட்டில் இருந்ததால் தப்பினார்கள். இப்போதும் அங்கேயே இருந்தார்கள், அடுத்தவர் சோற்றில். இவன் போய்ச் சகலனின் வட்டையில் வேலை செய்து பார்த்தான். ஆற்றுக்காரனுக்கு வயலுக்குள் என்ன தெரியும்? வரம்பைக் கெடுக்கிறான் என்று சகலன் நாசூக்காகத் திருப்பி அனுப்பிவிட்டார். தோணி கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்பது ஒன்றுதான் அவன் தலைக்குள் இருந்தது. அதை எனக்கு அவன் சொல்லவில்லை, அவன் மனைவி சொல்லித்தான் தெரியும். எனக்கு அவன் சொல்லவே முடியாதே, நான் மச்சாள்.

அவன் முறை வந்தது. கதிரையில் இருந்தான். என்னைப் பார்த்தான், அந்த முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. கடல் வந்த பிறகு நாங்கள் இருவரும் நேரே பார்த்துக்கொண்டது அன்றைக்குத்தான் முதல். அந்தப் பிள்ளை கேட்டாள், நான் தமிழில் சொன்னேன்: வீட்டில் யாரை இழந்தீர்கள்?

"இவளுக்குத் தெரியாததா? மாமியார் தொல்லை இல்லாமப் போயிட்டு. குடுத்து வச்ச மச்சாள்" என்றான்.

மாமியின் உடல் ஆற்றுப் பக்கம் தாழங்காட்டுக்குள் கிடைத்தது. குளிப்பாட்டினவர்களில் நானும் ஒருத்தி. அவன் அதைச் சொன்னதும் எனக்கு வாய் முந்திவிட்டது. "தொல்லையில என்ட பங்கை நீங்க வச்சிரிங்க மச்சான்" என்றேன். இருவரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவனுக்கும் வந்திருக்கும், முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டான். இதை எந்தப் பாஷையில் பெயர்த்துச் சொல்வது? அவனுடைய தாய் இறந்துவிட்டா என்று சொன்னேன். அந்தப் பிள்ளை எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்காமல் அடுத்த கேள்விக்குப் போனாள். தோணி எங்கே?

"மாமரத்தில காய்ச்சிருக்கு. கொக்கத்தடி இருந்தா தரச்சொல்லு, பறிச்சுக் காட்டுறன்" என்றான்.

அது பொய்யில்லை. தார் பூசுவதற்காகத் தோணியை மாமியின் வளவில் ஏற்றிக் கவிழ்த்து வைத்திருந்தான். கடல் அதைத் தூக்கிக்கொண்டுபோய் மாமரத்துக் கவட்டில் பாதியும் நிலத்தில் பாதியுமாக உடைத்து வைத்துவிட்டது. நானே பார்த்தேன். ஆனால் அந்த மரத்தை, தெருவைத் துப்புரவாக்க வந்த பிள்ளைகள் இரண்டு நாளைக்கு முன்தான் தறித்துத் தோணியோடு சேர்த்துக் கொளுத்தியிருந்தார்கள். அதையும் சொன்னேன். இங்கிலீஷில் சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்தது. மரத்தில் தோணி இருந்தது, இப்போது மரமும் இல்லை. நீங்கள் அந்த மேசையில் இருந்தால் நம்புவீர்களா?

அந்தப் பிள்ளை பேனையை மூடினாள். யோகனைப் பார்த்து நன்றி என்று தமிழில் சொன்னாள், அந்த ஒரு சொல்லைப் பழகி வைத்திருந்தாள். அவன் எழும்பிப் போன பிறகு என் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் சொன்னாள், இவர் ஃபிளிப்பண்ட், இவரை என்னால் சிபாரிசு செய்ய முடியாது.

நான் விளங்கப்படுத்தினேன். முயன்றேன் என்று சொல்வதுதான் சரி. மச்சானை இங்கிலீஷில் கசின் என்றேன். சொன்னதுமே அந்தச் சொல்லுக்குள் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. எங்கள் முறையைச் சொன்னேன், அப்பாவின் சாவு வீட்டைச் சொன்னேன், பாய் தலையணையோடு வந்ததைக்கூடச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள், ஓர் இடத்தில் சிரிக்கவும் செய்தாள். கடைசியில், நீங்கள் சொல்வது எனக்கு விளங்குகிறது, ஆனால் இழப்பை அவர் வாயால் கேட்க வேண்டும், என்றாள். எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் முழுக்க வரவில்லை. பசியும் வெயிலும் வரிசையில் அத்தனை பேரும். யாரோடு சண்டை பிடிப்பது? நான் அங்கே வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று பின்னால் பலபேர் சொல்லியிருக்கிறார்கள். அவனோடு சிரிக்காமல் இருந்திருக்கலாம் என்பார்கள். அன்றைக்கு நான் சிரிக்காமல் இருந்திருந்தால் அவன் அந்தக் கதிரையிலேயே உடைந்திருப்பான். அதை நான் பிழை என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதல் தவணைத் தோணிகள் மற்றவர்களுக்குப் போயின. அழுதவர்களுக்கெல்லாம் கிடைத்தது. அழுதவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் இழந்தவர்கள்தான். யோகனுக்குக் காரணத்தை யாரோ சொல்லிவிட்டார்கள். சிரித்தால் தோணி இல்லையாம் என்று முகாம் முழுக்கக் கதை. அவன் அதற்கும் ஏதாவது சொல்வான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் தண்ணீர் பிடிக்கிற வரிசையில் என்னைக் கண்டால் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டாம் தவணைக்கு அந்தப் பிள்ளை மட்டக்களப்பு டவுனிலிருந்து ஒரு பொடியனை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவனுக்கு எங்கள் ஊரில் ஒருவரையும் தெரியாது. என்னைப் பக்கத்து மேசையில், கணவனை இழந்த பெண்களோடு பேசுகிறவர்களிடம் விட்டாள். யோகன் வந்தான். இடுப்பில் கழுவிய சாரம், மேலே இரவல் சேட்டு, முழுக்கைப் பொத்தானும் பூட்டியிருந்தான். கதிரையில் இருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

எனக்கு முன்னால் இருந்த பெண் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தா. நான் கேட்கவில்லை, காது அங்கேதான். அம்மாவுக்கு நண்டு கொடுக்கப் போனேன் என்று தொடங்கினான். அம்மா கிணற்றடியில் நின்றா, சத்தம் கேட்டு ஓடினோம், தென்னையை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன், மற்றக் கையில் அம்மா. எல்லாம் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற மாதிரி. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"ரெண்டாம் தரம் தண்ணி வந்து இழுத்திச்சு. கை வழுகிட்டு. நான் விட்டனா, அவ விட்டாவா எண்டு எனக்குத் தெரியா" என்றான்.

அதை அவன் அதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவிக்கும் சொல்லவில்லை என்று பிறகு கேட்டு அறிந்தேன். பொடியன் அதை ஒரு வரியில் இங்கிலீஷில் சொன்னான். அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்து யோகனின் கையைப் பிடித்தாள். அவன் அசையாமல் நின்றான். நான் எழும்பவில்லை. எழும்பியிருந்தால் முறைப்படி ஒரு பகிடி விட வேண்டும். என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

தோணி வந்தது. வெள்ளை பைபர் தோணி, பக்கத்தில் நீலத்தில் ஏதோ சின்னம். மரத் தோணி மாதிரி நாலு பேர் வேண்டாம், ஒருவனே இழுத்துக் கரையில் போடலாம். பிள்ளைகளும் உன்னிச்சையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். தோணியை ஆற்றில் இறக்குகிற அன்று ஊரெல்லாம் போனோம். எல்லாம் சரியாகிவிட்டது என்ற துணிவில் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "என்ன மச்சான், இதையும் மாமரத்திலயா கட்டப்போறீங்க?" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்கத் தயாரானார்கள்.

அவன் கயிற்றை முடிந்துகொண்டே, நிமிராமல், "வேணாம். பகிடிக்கு வாய் எடுத்தா அந்த மேசைதான் முன்னுக்கு வருகுது" என்றான். முடிச்சை இறுக்கிவிட்டு, "கோவிக்காதீங்க" என்றும் சொன்னான். என்னை அவன் 'நீங்க' என்ற மரியாதையில் பேசியது அன்றைக்குத்தான் முதல். தின்னுகா என்று 'கா' போட்டு உரிமையோடு பேசுவதும் அதோடு நின்றுவிட்டது. பிறகு மெல்ல மெல்ல எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கினான். கோபமென்றால் சமாதானம் செய்யலாம். அவன் என்னோடு கோபமில்லை. என் வீட்டுக்காரர் செத்தபோது முதலில் வந்து பந்தல் போட்டவன் அவன்தான். மூன்று நாளும் நின்றான், விறகு கொத்தினான், வந்தவர்களுக்குக் கதிரை போட்டான். நான் சாப்பிடாமல் கிடந்தேன். கோப்பையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, சாப்பிடுங்க டீச்சர், உடம்புக்குக் கூடாது, என்று சொல்லிவிட்டுப் போனான். சோறு ஆறியது. நான் தின்னவில்லை.

இதை அவனுடைய கதை என்று மட்டும் சொல்ல முடியவில்லை. எங்கள் பக்கத்துக் கலியாண வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். மண்டபம், வீடியோக்காரர், எல்லோரும் கமராவைப் பார்த்து ஒரே மாதிரிச் சிரிக்கிறார்கள். மச்சான்மார் கனடாவிலும் சுவிஸிலும் கட்டாரிலும். வந்தாலும் மச்சாளைக் கண்டு ஹாய் என்று கையைக் காட்டிவிட்டுப் போனைப் பார்க்கிறார்கள். என் அக்காவின் பேத்தி ஒருநாள் என்னிடம், அவர் எனக்கு யார் என்று கேட்டாள். மச்சான் என்றேன். ஓ, கசின், என்றாள். சரிதான், என்றேன். விளங்கப்படுத்துகிற தெம்பு இப்போது இல்லை.

மறுநாள் மகளுக்கு நானே எடுத்தேன். சொல் எங்கேயிருந்து வந்தது என்று சொன்னேன். ஒரு காலத்தில் நல்ல சொல், கெட்டிக்கார நாக்குக்காரரைச் சொல்கிற சொல், நீ ஒன்றும் யோசிக்காதே என்று. அந்தக் கிழவரைக் குளிப்பாட்டினவள் நீ, பகிடி விடுகிற உரிமை அந்தக் கூட்டத்திலேயே உனக்கு ஒருத்திக்குத்தான் இருந்தது என்றும் சொன்னேன். எனக்குக் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது என்று நினைக்கிறேன்.

"அது சரியம்மா. ஆனா நான் மன்னிப்புக் கேட்டிட்டன். இனிக் கூட்டத்தில வாயத் திறக்கிறல்ல எண்டு முடிவெடுத்திட்டன். அதுதான் நல்லம்" என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிறகு முழங்காலை விசாரித்தாள். மருந்து போட்டேன் என்றேன்.

போனை வைத்தேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தேன். இறால் வாங்க என்று சொல்லிக்கொண்டேன். யோகன் தோணியை இழுத்துப் போட்டுவிட்டு வலையில் பாசி எடுத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது, பைபர் தோணியின் நீலச் சின்னமும் வெளிறி ஒன்றும் தெரியவில்லை. என்னைக் கண்டதும் எழும்பி, கையைச் சாரத்தில் துடைத்து, நல்ல இறாலாகப் பார்த்துப் பொறுக்கிப் பையில் போட்டான். மகள் சுகமா என்று கேட்டான். சுகம் என்றேன்.

பையை வாங்கிய பிறகும் நான் போகவில்லை. எப்போதும் அப்படித்தான், வாங்கின பிறகும் கொஞ்சம் நிற்பேன், என்னத்தை எதிர்பார்க்கிறேன் என்று நினைக்க எனக்கே வெட்கமாக இருக்கும். அவன் பாசியை எடுத்துக்கொண்டிருந்தான். நான் நிற்பதைக் கண்டு நிமிர்ந்தான்.

"வேற என்ன, டீச்சர்?" என்றான்.

"ஒண்டுமில்ல மச்சான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.